சொந்த டிராக்டருக்கு எந்த எண்ணெய்

செப்டம்பர் 21, ஞாயிறு

காலையிலிருந்து தூறல். துணி காயவில்லை. டிராக்டருக்கு எண்ணெய் மாற்றும் வேலை.

எங்கள் டிராக்டர். எழுதிப் பார்க்கவே நன்றாக இருக்கிறது. எஸ்டேட் கழித்துக்கட்டியதுதான். ஹவர் மீட்டர் செத்துப் பல வருஷம், இருக்கையில் பஞ்சே இல்லை. ஆனாலும் எங்கள் பெயரில்.

நாளை முதல் சோதனை. அக்டோபர் 1 வரை செம்பனைக் குலை ஏற்றவேண்டும். நிபந்தனைகளைத் தோட்டத்து உதவி மேனேஜர், சின்னத் துரை ஹஃபிஸ், தாளில் எழுதியே கொடுத்துவிட்டார்:
– வெட்டிய குலை அன்றன்றே பாமாயில் மில்லுக்குப் போகவேண்டும்.
– வண்டி நடுவழியில் படுக்கக்கூடாது.
– எண்ணெய் ஒழுகக்கூடாது. சுற்றுச்சூழல் சான்றிதழ் கொடுக்கிறவர்கள் வரும்போது மண்ணில் கருப்புச் சொட்டு கிடந்தால் தோட்டத்துக்கே தலைவலி. கடைசி நாள் வண்டிக்கு அடியில் அட்டை விரித்துப் பார்ப்பாராம்.

தேறினால் ஒரு வருஷக் காண்ட்ராக்ட். என் வீட்டுக்காரர் நீலாய் ஃபேக்டரி வேலையை விட்டுவிடலாம். தேறாவிட்டால் லீவு முடிந்து 3ஆம் தேதி மறுபடியும் நைட் ஷிப்ட். போன மாதம் ஷிப்ட் முடிந்து திரும்பும்போது மோட்டார் சைக்கிள் ஓட்டிக்கொண்டே கண் அசந்துவிட்டார். சாலை ஓரக் கம்பியில் உரசி நின்றது. முட்டித் தோல் போனதோடு சரி. அன்றிலிருந்து, இவர் வாசலில் வண்டியை நிறுத்தும்வரை எனக்குக் காபி இறங்குவதில்லை.

எண்ணெய்க்கு வருவோம். பதினைந்து வருஷமாக நான் இந்தத் தோட்டத்தில் ஸ்டோர் கிராணி, சாமான் கணக்கு எழுதுகிறவள். டிராக்டருக்கு எது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். 15W-40, டீசல் எஞ்சினுக்கான சாதா எண்ணெய். இவர் நேற்றே செண்டாயான் கடைக்குப் போய் முழு சிந்தெடிக் வாங்கி ஒளித்து வைத்திருக்கிறார். தங்க நிற டின்கள். விலை இரண்டு மடங்குக்கு மேல்.

"பழைய எஞ்சினுக்கு இது எதுக்குங்க?"

"இத்தன வருசம் எஸ்டேட் வண்டி லா. அவங்க ஊத்துனத குடிச்சிச்சு. இப்ப நம்ம வண்டி. நல்லத குடிக்கட்டும்."

"நல்லதுன்னு யாரு சொன்னா, விக்கிறவனா?"

"சூடு தாங்கும், சீக்கிரம் கெடாது. இப்ப ஊத்துனா அடுத்த ஆயுத பூசைக்கு மாத்துனா போதும் ராஜி."

அதுதான் எங்கள் தோட்டத்துக் கணக்கு. டிராக்டர், லாரி, தண்ணி பம்பு, எது ஆனாலும் ஆயுத பூசைக்கு ஒரு தடவை புது எண்ணெய், சந்தனம், குங்குமம். எத்தனை மணி நேரம் ஓடியது என்று யாரும் பார்ப்பதில்லை.

வடித்த பழைய எண்ணெய் தார் மாதிரி. சட்டியில் விழாமல் தொங்கியது. கழிவு டிரம்மில் ஊற்றி மூடினோம். பிறகு சிந்தெடிக்தான் ஊற்றினோம். வாங்கி வந்துவிட்ட மனிதரிடம் என்ன பேசுவது.

22, திங்கள்

வெயில். ஐந்து நடை. காலையில் சாவியைத் திருப்பியதுமே ஸ்டார்ட்.

எஞ்சின் சத்தம் நிஜமாகவே குறைந்திருக்கிறது. "கேட்டியா?" என்று மூன்று தடவை கேட்டார். கேட்டது, ஆனால் சொல்லவில்லை. ஜெயித்த முகத்தை ராத்திரிச் சாப்பாட்டிலும் பார்க்க எனக்குப் பொறுமை இல்லை.

வாங்கவேண்டியது: வேப்பிலை, கிரீஸ், இவர் முட்டிக்கு மருந்து.

24, புதன்

பிற்பகல் இடி மழை. சேற்றில் டிரெய்லர் சிக்கி, ஒரு மணி நேரம் போச்சு. ஆனாலும் குலை எல்லாம் மில்லுக்குப் போய்விட்டது.

இவர் நடுப்பகலில் பாடிக்கொண்டே ஓட்டுகிறார். அறுவடைக்காரர்கள் சிரிக்கிறார்கள். மூன்று வருஷமாக நான் கேட்காத குரல். மனசுக்குச் சந்தோஷமாக இருந்தது, அப்படியே எழுதி வைக்கிறேன்.

எண்ணெய்க் குச்சியில் அளவு கொஞ்சம் இறங்கினமாதிரி. கண் மயக்கமா?

25, வியாழன்

கண் மயக்கம் இல்லை.

காலையில் வண்டியை நகர்த்தியதும் சிமெண்டுத் தரையில் ஐந்து சொட்டு. எஞ்சினின் பக்கவாட்டில் பளபளவென்று ஈரம், தேன் வழிந்தமாதிரி. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை.

இவர் துணியால் துடைத்தார், பார்த்தார், மறுபடி துடைத்தார். நான்தான் கத்தினேன். "சாதா போதும்னு சொன்னேனா இல்லையா?" சொல்லியிருக்கவேண்டாம். மனிதர் வண்டிக்கு நல்லது செய்யத்தான் பார்த்தார்.

தெரியாமல் இருக்க, நிறுத்துகிற இடமெல்லாம் அடியில் தகர டிரே. இன்னும் ஆறு நாள்.

26, வெள்ளி

கடைசி நடை முடிந்து மம்பாவ் போனோம். ஆ மெங் பட்டறை. ஆ மெங் சீனன், ஆனாலும் எங்கள் லயத்திலேயே வளர்ந்தவன், என்னோடு தமிழ்ப் பள்ளியில் படித்தவன். எஞ்சினுக்குள் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தான்.

"எண்ணெய் மேல பழி போடாத ராஜி. தகட்டுக்கு நடுவுல இருக்கிற கேஸ்கெட் எப்பவோ செத்துப்போச்சு. கசடு போய் அடைச்சிக்கிட்டதால ஒழுகல. புது எண்ணெய் கசட கழுவிருச்சு, ஓட்ட தெரியுது. அவ்ளோதான் லா."

"இவ்ளோ கசடு எப்படி வந்துச்சு?"

"வருசத்துக்கு ஒரு தடவ மாத்துனா வராதா? சாமிக்கு மாத்துனீங்க, எஞ்சினுக்கு மாத்தல."

இவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பதினைந்து வருஷமும் எண்ணெய்ச் சீட்டில் கையெழுத்துப் போட்டவள் நான். ஒவ்வொரு ஆயுத பூசைக்கும் டிரம்மைத் திறந்து விட்டேன். நடுவில் ஒரு தடவையாவது, "எத்தனை மணி ஓடிச்சு" என்று கேட்டதில்லை. நல்ல எண்ணெய் எது என்று இவரோடு சண்டை போட எனக்கு என்ன தகுதி.

"சரி, இப்ப எது ஊத்த?"

"புது எஞ்சின், டர்போ வச்சது, அதுக்கெல்லாம் சிந்தெடிக் போடு, காசு வீணாகாது. இது கெழட்டு எஞ்சின், எண்ணெய் கொஞ்சம் குடிக்கும், நாள் பூரா தூசு. நீ சிந்தெடிக் ஊத்துனாலும் அடிக்கடிதான் மாத்தணும். அதுக்கு சாதா போதும். நாள் தப்பாம மாத்து."

வீட்டில் கையேட்டைத் தேடி எடுத்தேன். இருநூற்றைம்பது மணி நேரத்துக்கு ஒரு முறை. நாளைக்கு எட்டு மணி, மாதத்துக்கு இருபத்தைந்து நாள் என்றால் இருநூறு. அப்படியானால் மாதா மாதம் மாற்றிவிட்டால் கவலை இல்லை. புது நோட்டு ஒன்று போட்டேன்: தேதி, ஓடிய மணி, குச்சியின் அளவு, சொட்டு.

27, சனி

புரட்டாசிச் சனி. சாம்பார், கீரை. இரண்டு மணிக்கே கடைசி நடை.

ஆ மெங் வந்தான். வால்வு மூடிக்கும் பக்கவாட்டுத் தகட்டுக்கும் புது கேஸ்கெட். சுரண்டி எடுத்த கசடு ஒரு பால் டின் நிறைய. ஆறே நாள் ஓடிய சிந்தெடிக் கருத்துப் போய் வடிந்தது. இவர் அதை வழியனுப்புகிறமாதிரி பார்த்துக்கொண்டு நின்றார். பழைய குருடி கதவைத் திறடி என்று 15W-40 ஊற்றினோம்.

திறக்காத தங்க டின் ஒன்று மிச்சம். வீட்டுக் காருக்கு ஆகும், டின்னில் இருக்கிற எண்தான் கார்க் கையேட்டிலும். மோட்டாருக்கும் ஊற்றலாமே என்றார். ஆ மெங் கையை உதறினான். "கார் எண்ணெய மோட்டாருக்கு ஊத்தி கிளட்ச் வழுக்குதுன்னு வாரத்துக்கு ஒருத்தன் எங்கிட்ட வர்றான்."

28, ஞாயிறு

ஓய்வு. வீட்டிலேயே சோதனை. ரைஸ் குக்கர் பெட்டியைப் பிரித்து வண்டிக்கு அடியில் விரித்தேன். மதியத்துக்குள் நாலு சொட்டு.

ஆ மெங்குக்கு போன். வந்து இரண்டு போல்ட்டைச் சமமாக இறுக்கினான். அப்புறம் சாயங்காலம்வரை ஒன்றே ஒன்று.

"ஒண்ணு எங்கேர்ந்து வருது?"

"பின்னாடி சீல்லேர்ந்து. அதுக்கு வண்டிய ரெண்டாப் பிரிக்கணும், ரெண்டு நாள் வேலை. இப்ப முடியாது லா."

30, செவ்வாய்

மழை இல்லை. ஆறு நடை, இதுவரை அதுதான் அதிகம். வண்டி ஒரு தடவைகூடப் படுக்கவில்லை.

சொட்டு: ஒன்று.

நீலாயிலிருந்து இவருக்கு மெசேஜ், வெள்ளி முதல் ஷிப்ட் அட்டவணை. எனக்குக் காட்டவில்லை. நானாகத்தான் பார்த்தேன். அடுத்த மாதம் முழுக்க இரவு.

பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் நேர்ந்துகொண்டேன். பெரிய தேங்காயாக.

அக்டோபர் 1, புதன், ஆயுத பூசை

காலை மேகமூட்டம். எஸ்டேட் பட்டறையில் ஒரே கூட்டம். வழக்கம்போல எல்லா வண்டிக்கும் எண்ணெய் மாற்றம். நான் சீட்டு கொடுக்கும்போது ஒவ்வொருவரிடமும், "போன பூசையிலேருந்து எத்தன மணி ஓடிச்சு?" என்று கேட்டேன். பைத்தியத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

பன்னிரண்டு மணிக்குச் சின்னத் துரை அட்டைகளை விரிக்கச் சொல்லிவிட்டுப் போனார். எங்கள் டிராக்டர், எங்களைப்போலவே சோதனையில் இருக்கிற இன்னொரு காண்ட்ராக்டரின் இரண்டு டிராக்டர். இரண்டு மணி நேரம் அப்படியே நிற்கவேண்டும்.

ஒன்றரைக்கு நாங்கள் குனிந்து பார்த்தோம். ஒரு சொட்டு. இருபது சென் காசு அளவு, நட்டநடுவில்.

இவர் டிரெய்லரிலிருந்து இன்னொரு அட்டையை எடுத்தார். கொண்டுவந்தே இருக்கிறார்.

"யாரும் பாக்கல. மாத்திரலாம்."

கையில் வாங்கினேன். இது என் சொந்த டைரி, இங்கே பொய் எதற்கு. வாங்கினேன். மழையில் நெடுஞ்சாலையும், அந்தக் கம்பியும் கண்ணுக்குள் வந்தன. ஒரு அட்டைதானே என்று தோன்றியது.

ஆனால் வண்டி வருஷம் முழுக்க இங்கேதான் ஓடப்போகிறது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் எத்தனை நாளைக்கு மறைப்பது. பதினைந்து வருஷம் பார்க்காமல் கையெழுத்துப் போட்டதே போதும். அட்டையைத் திருப்பிக் கொடுத்தேன். இவர் என்னை முறைத்தார், பிறகு அதை மடித்து இருக்கைக்குக் கீழே சொருகினார்.

சின்னத் துரை வந்ததும் அவர் குனிவதற்கு முன்பே நான் மலாயில் சொல்லிவிட்டேன். ஒரு சொட்டு இருக்கிறது, பின்பக்க சீல், சரி செய்ய இரண்டு நாள் வேண்டும். சொட்டுக் கணக்கு நோட்டைக் கொடுத்தேன். ஐந்து, நாலு, ஒன்று, ஒன்று. நடுவில் எண்ணெய் மாற்றியதும் ஏன் மாற்றினோம் என்பதும் எழுதியிருந்தேன்.

பக்கம் பக்கமாகப் படித்தார். போனில் படம் எடுத்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

அப்புறம் பக்கத்து டிராக்டர்களுக்குக் கீழே இருந்த அட்டைகளை உருவினார். இரண்டும் வெள்ளை வெளேர். ஒரு சொட்டு இல்லை, தூசு இல்லை, சேற்று டயருக்கு நடுவில் இரண்டு மணி நேரம் கிடந்த அட்டையில் செம்மண்கூட ஒட்டவில்லை. அந்தக் காண்ட்ராக்டர் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

சின்னத் துரை மலாயில் என்னிடம் சொன்னது: வண்டி நிற்கும்போதெல்லாம் டிரே வைக்கவேண்டும். இந்த மாதத்துக்குள் சீல் மாற்றவேண்டும். நோட்டை வாரா வாரம் ஆபீஸில் காட்டவேண்டும். நாளைக் காலை பத்து மணிக்குக் கையெழுத்துப் போட இரண்டு பேரும் வாருங்கள்.

எனக்கு முதலில் புரியவில்லை. இவருக்குப் புரிந்துவிட்டது, டயரைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

வீட்டுக்கு வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் நீலாய்க்கு போன் போட்டார். "வெள்ளிக்கெழம வரமாட்டேன் சார். லீவு இல்ல. இனிமே வரல." அவ்வளவுதான் பேசினார். நைட் ஷிப்டில் சேர்ந்த நாளிலிருந்து மதியம் தூங்குகிற நேரம் இவருக்கு, மதியச் சோறு என்னோடு உட்கார்ந்து சாப்பிடுவதே அபூர்வம். போனை வைத்துவிட்டு, "சோறு இருக்கா?" என்றார். மணி மூன்று. பழக்கத்தில் ஒருத்திக்குத்தான் ஆக்கியிருந்தேன், இரண்டு தட்டில் போட்டேன்.