சொல்லித்தந்த சொற்கள்

மார்ச் 3

நான் சொற்களை மறந்துவிட்டேன் என்று மகள் பிரியதர்சினி கொழும்பிலிருந்து சொந்தக்காரர் எல்லாருக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். மறக்கவில்லை. சொல்ல மறுத்தேன். இரண்டும் ஒன்றல்ல.

இவர், என் கணவர், இறந்தபிறகு சாப்பிடாமல் கிடந்து ஆசுபத்திரி மனநல விடுதியில் ஒரு மாதம் இருந்தேன். இனி இந்த வீட்டில் தனியே இருக்க என்னால் ஏலுமா என்று பார்க்கத்தான் போன கிழமைச் சோதனை. உளவியலாளர் நஸ்ரியா பன்னிரண்டு சொற்கள் வாசித்தாள். ஐந்தைத் திருப்பிச் சொன்னேன். விட்டவற்றை அவளே எடுத்துத் தந்து, "இப்ப திரும்பச் சொல்லுங்கம்மா" என்றாள். அதே ஐந்தைத்தான் சொன்னேன்.

சொல்லித்தந்த விடை என்னுடையதா?

மார்ச் 4

நான் படித்த கொன்வென்டின் பரீட்சை மண்டபத்து யன்னலால் துறைமுகம் தெரியும். ஒருமுறை பக்கத்துக் கதிரைத் திலகவதி விடையைக் கிசுகிசுத்தாள். எனக்கும் அது தெரியும்தான். காதில் விழுந்துவிட்டதே — அந்த வினாவை வெறுமையாகவே விட்டேன். சிஸ்டர் கவனித்திருக்கிறார். அந்தத் திங்கட்கிழமை முதல் பள்ளிக்கூட மணி அடிக்கும் பொறுப்பை எனக்குப் பரிசாகத் தந்தார். அந்தக் கயிற்றின் கரகரப்பு இன்னும் உள்ளங்கையில் இருக்கிறது.

இதையா ஞாபகமில்லை என்கிறார்கள்?

மார்ச் 6

அறிக்கை வந்தது. "புதிதாகக் கற்கும் திறன் குறைவு." மகளுக்கும் ஒரு பிரதி போயிருக்கிறது. உடனே போன் எடுத்தாள்.

"சித்திரைக்கு முன்னம் வீட்டைப் பூட்டிப்போட்டு இங்க வாங்கோ அம்மா. புது அடுப்பைப் பெட்டியால எடுக்கக்கூட இல்லை. பழசை நூக்க மறந்து எரியவிட்டா ஆர் பாக்கிறது?"

மார்ச் 7

ஏலாது.

மார்ச் 10

கிளினிக். பரீட்சையில் விடை சொல்லிக்கொடுப்பது எந்த ஊர் வழக்கம் என்று நஸ்ரியாவிடம் கேட்டேன். சிரித்தாள்.

"எத்தின சொல் தெரியும் எண்டு பாக்கல்லம்மா. சொல்லித்தந்தா எடுக்கிறீங்களா எண்டுதான் பாக்கிற. நீங்க எடுக்கவே இல்லியே."

"அதை முதலே சொல்லியிருக்கலாம்."

"சொன்னேன். டீச்சர் மாதிரி என்னைப் பாத்துக்கொண்டு இருந்தீங்க."

மார்ச் 11

இவர் துறைமுகத்தில், வழிகாட்டும் பைலட்டைக் கப்பலுக்குக் கொண்டுபோய் விடும் படகை ஓட்டினவர். வேலையால் வந்து பால் விடாத பிளேன்ரீ குடித்தபடி சொல்வார்: "உலகமெல்லாம் சுத்தின கப்டன். எண்டாலும் எங்கட வாசலுக்கு வந்தா மெதுவாக்கி, பைலட்டை ஏத்தி, அவர் சொல்லுற பக்கம்தான் திருப்புவான். அதில என்ன வெக்கம்?"

நான் உடுப்பு மடித்துக்கொண்டிருப்பேன். கேட்டதாகக் காட்டிக்கொள்ளமாட்டேன்.

மார்ச் 12

பக்கத்து வீட்டு றிஷானாவைக் கூப்பிட்டு, புது அடுப்பைப் பற்றவைக்கவும் நூக்கவும் சொல்லித்தரக் கேட்டேன். முதல்தரம் பிழையாகத் திருப்பினேன். "இல்லை மாமி, அமத்திப் பிடிச்சுத் திருப்புங்க" என்றாள். அமர்த்திப் பிடித்துத் திருப்பினேன். இருவருக்கும் பிளேன்ரீ என் கையால்.

பிறகு எழுதி அனுப்பியது:

நஸ்ரியா அவர்களுக்கு, அந்தச் சோதனையை எனக்கு மீண்டும் ஒருமுறை வையுங்கள். இம்முறை நீங்கள் தருவதை எடுத்துக்கொள்வேன். மகளுக்குக் காட்ட வேண்டும். தயவுசெய்து முடிவை எழுத்தில் தாருங்கள்.