திரைக்குப் பின்னால் வாசித்தவனுக்கு

மச்சான்,

நேற்று இங்கே பலெர்மோவில், வியா மக்வேதாத் தெருவில் ஒரு சிசிலிக்காரன் கிற்றாரைப் பிடரிக்குப் பின்னால் பிடித்து வாசித்துக்கொண்டிருந்தான். காலடியில் பழைய ஒலிபெருக்கிப் பெட்டி. அது சூடேறித் தூசு கருகிய மணம் மூக்கில் பட்டதும், கடைக்கு அவசரமாகப் போய்க்கொண்டிருந்தவன் நின்றுவிட்டேன். எங்கள் பாண்டின் மணம் அது.

அறுபதுகளின் கடைசி. யாழ்ப்பாணத்தில் நாங்கள் ஐந்து பெடியள் சேர்ந்து தொடங்கிய கிற்றார் பாண்ட். வாசிப்பு நீ, வியாபாரம் நான். முதல் மேடையில் கண்ணை மூடி, வாயைப் பிளந்து, நட்ட கம்பம்போல் நின்று வாசித்தாய். காது உள்ளவர்கள் அசையாமல் இருந்தார்கள். மற்றச் சனம் விழுந்து விழுந்து சிரித்தது. "தம்பி, வாயை மூடும், ஈ பூந்திடும்!" என்று ஒருத்தன் கத்தினான்.

அடுத்த மேடைக்கு ஒரு சுருட்டைத்தலையனைக் கூட்டிவந்தேன். கிற்றாரில் ஒரு சுரமும் தெரியாது, துள்ளத் தெரியும். சிவப்பு வெல்வெற் கோட்டுப் போட்டு, வயர் பூட்டாத கிற்றாரைக் கொடுத்து அவனை முன்னால் விட்டேன். உன்னைத் திரைக்குப் பின்னால் ஒரு வாங்கில் இருத்தி வாசிக்க வைத்தேன்.

"எவ்வளவு நாளைக்கடா?" என்று கேட்டாய்.

"பேர் எடுக்கும் மட்டும் மச்சான். பிறகு நானே மைக்கிலை சொல்லுவன், வாசிக்கிறது ஆர் எண்டு."

பேர் வந்தது. அவன் பல்லால் வாசித்தான், முழங்காலில் சறுக்கினான், கிற்றாரைத் தலைக்கு மேல் சுழற்றினான். கோயில் திருவிழா, கார்னிவல் எல்லாம் எங்களைத் தேடின. திறந்த காரில் அவனை மேடைவரை ஊர்வலமாகக் கொண்டுவந்ததும் என் மூளைதான். நீ சைக்கிளில் முன்னரே போய்ப் பின்பக்கத்தால் ஏறியிருப்பாய். ஒருநாள் உன் கம்பி அறுந்துபோய், சத்தமே இல்லாமல் அவன் துள்ளிக்கொண்டிருந்தான். நான் ஓடிப்போய் மெயின் சுவிச்சை நிறுத்தி, "கரண்ட் போட்டுது!" என்று கத்தினேன். சனம் கரண்ட்காரனைத் திட்டியது. "நீ கடற்கரையிலை நிண்டே உப்பு விப்பாய்" என்று பிறகு சொல்லிச் சிரித்தாய்.

பேர் எடுத்தபின் உண்மையைச் சொன்னால் பேர் போய்விடுமே. சொல்லவில்லை. பிறகு பாண்ட் உடைந்தது, நாடும் உடைந்தது. இருவரும் இங்கே வந்து சேர்ந்தோம். நீ ஒரு இத்தாலியச் சிஞ்ஞோரா அம்மாவின் வீட்டில் வேலை செய்தாய். நான் அல்பெர்கேரியாச் சந்தைப் பக்கம் பலசரக்குக் கடை போட்டுப் பெரிய ஆளானேன். கலியாண வீடுகளில் அந்தச் சுருட்டைத்தலையனின் வாசிப்பைப் பற்றி நான் அளக்கும்போது நீ உன் சோற்றையே பார்த்துக்கொண்டிருப்பாய். ஒரு நாளும் குறுக்கே கதைக்கவில்லை.

நீ கண்மூடியபின், முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கில் கொடுக்கும் கல்வெட்டு என்ற நினைவுப் புத்தகத்தில் உன் வாழ்க்கையை எழுதச் சொல்லி உன் மகள் என்னிடம்தான் வந்தாள். "மாமா, அப்பா பாண்டிலை என்ன செய்தவர்?"

பலெர்மோத் தமிழ்ச்சனம் முழுக்க வாசிக்கும் புத்தகம். ஐம்பது வருசம் அளந்த வாய் என்ன செய்யும்? "இசைக்குழுவுக்கு உறுதுணையாக நின்றார்" என்று எழுதிக் கொடுத்தேன். உறுதுணை! பழுதான சரக்கைத் தள்ளிவிடக்கூட நான் இவ்வளவு வடிவான சொல் தேடியதில்லை.

நேற்றுக் கடைக்குப் போகவில்லை. நேரே ஸ்டேஷனுக்குப் போய், பக்கத்து ஊர் பகேரியாவில் உன் மகள் வீட்டுக்கு ரயில் ஏறினேன். எல்லாவற்றையும் சொன்னேன். ஏசுவாள் என்று நினைத்தேன். ஏசவில்லை.

"அப்பாட்டையும் கேட்டனான் மாமா. 'அதை அவன்தான் சொல்லவேணும்' எண்டவர். அதுதான் எழுத உங்களிட்டைத் தந்தனான்."

கல்வெட்டைத் திருத்தி அச்சடித்து வீடு வீடாக நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன் என்றேன். தலையாட்டினாள். பிறகு ஒன்று கேட்டாள்:

"சனம் கை தட்டேக்கை, அப்பா பின்னுக்கு இருந்து என்ன செய்வார்?"

நான் சனத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன் மச்சான். ஒருதரம்கூடத் திரையை விலக்கி உன்னைப் பார்க்கவில்லை. "தெரியாது பிள்ளை" என்றேன். ரயிலில் திரும்பி வரும்போதும், இன்று காலை கடையைத் திறக்கும்போதும், அந்தக் கேள்வி என்னோடுதான் வந்தது.