குளோரின் தூள் கொட்டிய தொட்டி

நேற்றைய மழைக்குப் பிறகு வீட்டுக் கோடிப்புறத்தில் கிடந்த உக்கிய பாலை மரக் குத்தியில் வெள்ளைப் பூஞ்சணம் படர்ந்திருந்தது. அந்த ஈர மணம் மூக்கில் ஏறியதும் உன் நினைவு வந்தது. கூடவே கோபமும் வந்தது. இத்தனை வருடம் போயும் அது ஆறவில்லையடி.

வன்னியில், மல்லாவி நெசவுச் சங்கத்தின் சாயக் கொட்டிலில் நாமிருவரும் கொதிக்கிற பெரிய கிடாரத்தில் துணி புரட்டிய காலம். போர்க்காலப் பொருளாதாரத் தடையால் புதுத்துணிக்கு வழியில்லை. சனம் பழைய சேலைகளையும் சாரங்களையும் சாயம் போடக் கொண்டுவரும். மிஞ்சிய சாயத்தண்ணீர் கழிவுக் கானால் ஓடி, பக்கத்து வளவுச் செல்லம்மாக்காவின் கிணற்றுக்குள் ஊறியது. மலையகத்திலிருந்து வந்து காடு வெட்டிக் குடியேறிய மனுசி. ஒருநாள் வாளியோடு வந்து நின்றார்.

"தண்ணி செவப்பா வருதும்மா. புள்ளைகளுக்கு இதையா குடுக்கிறது?"

சங்கத்து முகாமையாளர் "பாப்பம்" என்றார். நீதான் பார்த்தாய். யாழ்ப்பாணத்தில் தாவரவியல் படித்து, இடம்பெயர்வால் பாதியில் விட்டவள் நீ. உக்கிய மரத்தைத் தின்னும் பூஞ்சணம் சாயத்தையும் தின்னும் என்றாய். "உனக்கு விசரோடி?" என்று சிரித்தேன். அவித்த வைக்கலில் அதை வளர்த்து, சீமெந்துத் தொட்டியில் அடைத்து, புளிப்பில்தான் அது வேலை செய்யும் என்று சாயத்தண்ணீரில் புளி கரைத்து மெதுவாக விட்டாய். முதல் தரம் எல்லாம் அழுகி நாறியது. பிறகு ஒரு தரம், சிவப்பாகப் போன தண்ணீர் வெளிறிய தேத்தண்ணீர் நிறத்தில் வந்தது. நான் துள்ளினேன். நீ அதை மிளகாய்க் கன்றுகளுக்கு ஊற்றிவிட்டு, "நிறம் போனாப்போலை காணாது. இதைக் குடிச்சும் கண்டு சாகாமல் நிக்கோணும்" என்றாய். கன்றுகள் நின்றன.

பிறகுதான் அந்த அநியாயம் நடந்தது. கொட்டிலைப் பார்க்க மேலிடத்துப் பெரியவர்கள் வருகிறார்கள் என்று துப்புரவு தொடங்கியது. "கண்டறியாத பூஞ்சணம், நாறுது" என்று, கிணறுகளுக்குப் போடத் தந்த குளோரின் தூளை முகாமையாளரே உன் தொட்டிக்குள் கொட்டினார். கிணறு இறைத்தால் குளோரின் போட்டுப் பழகிய எங்களுக்கு, அந்தத் தூள் எதையும் சுத்தமாக்கும் என்று ஒரு நம்பிக்கை. தண்ணீர் உடனே தெளிந்தது. வந்தவர்கள் கைதட்டினார்கள். "உம்மடை பூஞ்சணத்துக்குக் கிழமைக்கணக்கு, எனக்கு ஒரு நிமிசம்" என்று உன்னைப் பார்த்துச் சிரித்தார் அந்த மனுசன்.

நீ அந்தத் தண்ணீரையும் கன்றுகளுக்கு ஊற்றினாய். அவை கருகின. நேரே செல்லம்மாக்காவிடம் போனாய். "அக்கா, தெளிவாயிருக்கெண்டு நம்பாதேங்கோ. குளோரின் கொட்டின தண்ணியும் உங்கடை கிணத்துக்கைதான் ஊறுது, அதைக் குடியாதேங்கோ."

அதற்காக முகாமையாளர் உனக்கு வைத்த பெயர் காட்டிக்கொடுத்தவள். சங்கத்தைக் காட்டிக்கொடுத்தவளாம். வன்னியில், போர் நடந்த அந்த நாட்களில், துரோகி என்பதற்குச் சமமான அந்தச் சொல் ஒருத்தியை என்ன செய்யும் என்று தெரிந்துகொண்டுதான் சொன்னார். வேலை போனது. தெருவில் கண்டால் சனம் மற்றப் பக்கம் பார்த்தது. மலேரியாவில் நீ போனபோது பாடை தூக்க ஆள் தேடினோம். செல்லம்மாக்காவின் குடும்பம்தான் வந்து நின்றது.

போன மாதம் கோயில் வீதியில் அந்த முகாமையாளரைக் கண்டேன். தடி ஊன்றி நடக்கிறார். "அந்தப் பிள்ளை நல்ல கெட்டிக்காரி" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அப்ப ஊருக்கு முன்னாலை சொன்ன சொல்லை, ஊருக்கு முன்னாலையே திருப்பி எடுங்கோ."

"பழைய கதை பிள்ளை, விடும்."

"விடமாட்டன். நீங்கள் எடுக்குமட்டும் காணுற இடமெல்லாம் கேப்பன்."

சனம் நின்று பார்த்தது. அவர் தடியைத் திருப்பி ஊன்றி, வந்த வழியே நடந்தார். வருகிற வெள்ளிக்கிழமையும் அவர் கோயிலுக்கு வருவார். நானும் போவேன்.