கலங்கல் கல் யாருக்கு

கார்த்திகை 9, செவ்வாய்

மூடுபனி. கல்வராயன் மலை இருக்கிற திசையே தெரியவில்லை. சிநேகிதி ஸ்டெல்லா வீட்டு மாட்டுக்கொட்டகையை ஒட்டிய அறையில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

காலையில் வீட்டுவிலக்கு. அவர் ஐயப்பனுக்கு மாலை போட்டிருப்பதால் நான் வீட்டில் இருக்கக் கூடாது. பாய், தலையணை, மாற்றுப் புடவை, இந்த உரக்கடை டைரி. எடுத்துக்கொண்டு பின்வாசல் வழியாக வந்தாயிற்று. அவர் பத்தடி தள்ளி நின்று, "அஞ்சு நாளு ஸ்டெல்லா வூட்லயே இரு சாமி" என்றார். கல்யாணமாகி இருபது வருஷம், 'ஏய்', 'இந்தா', இந்த இரண்டுதான் என் பெயர். மாலை போட்டால் எல்லாரும் சாமி. நானும் சாமி, தெருநாயும் சாமி.

அறை மூலையில் அவருடைய தூண்டில். ரீல் வைத்தது, கள்ளக்குறிச்சியில் வாங்கியது. மாலை போட்ட வீட்டில் மீன் சம்பந்தப்பட்ட எதுவும் ஆகாது என்று இங்கே கொண்டுவந்து வைத்திருக்கிறார். அதுவும் வெளியே, நானும் வெளியே.

ஸ்டெல்லா: "சோறு நான் ஆக்கறேன். நீ சும்மா குந்திக்கினு இரு வளரு."

சும்மா இருந்து பழக்கமில்லை.

கார்த்திகை 10, புதன்

போனேன்.

பனி: ஜாஸ்தி. மலை தெரியவில்லை.
தண்ணீர்: ஏரி ரொம்பி, மிச்சம் கலங்கலில் வழிகிறது. கால் வைத்தால் விறைக்கிறது.
இரை: ஸ்டெல்லா வீட்டு எருக்குழி மண்புழு.
கிடைத்தது: ஜிலேபி மீன் 3, கெளுத்தி 2. ஒரு கெளுத்தி முள் கட்டைவிரலில். இன்னும் கடுக்கிறது.

கரையில் ஆளே இல்லை. மீன் நன்றாகக் கடிக்கிற காலம் இதுதான். இப்போது பார்த்து நம் ஊர்த் தூண்டில்காரர்கள் அத்தனை பேரும் மாலை போட்டுவிடுகிறார்கள். கலங்கலை ஒட்டிய தட்டைக் கல் காலி. அது அவர் உட்காருகிற இடம். உட்கார்ந்தேன்.

ரிஷிவந்தியம் பக்கம் எங்கள் ஊர் ஏரியில் அண்ணன்களோடு தூண்டில் போட்டவள் நான். வயசுக்கு வந்ததும் நிறுத்திவிட்டார்கள். எதைச் சொல்லி அன்று நிறுத்தினார்களோ, அதைச் சொல்லித்தான் இப்போது வெளியே அனுப்பினார்கள். நல்லதாயிற்று.

அவருடைய தூண்டில்தான். ரீல் சுற்றப் பழக அரை மணி நேரம். முதல்முறை தக்கை முங்கியபோது வாய்விட்டுச் சிரித்தேன்.

கார்த்திகை 12, வெள்ளி

கன்னியப்பன் மாமா பார்த்துவிட்டார். என் வீட்டுக்காரருடைய பங்காளி. கறுப்பு வேட்டியோடு குளிக்க வந்தவர் அப்படியே நின்றார்.

"இன்னா சாமி இது? பொம்பள குந்தற எடமா சாமி?"

மாலை மட்டும் இல்லையென்றால் என் பிறந்த வீடு வரை இழுத்துத் திட்டியிருப்பார். வந்ததை விழுங்கினார். கண் பிதுங்கிற்று.

"எடம் சும்மாதான சாமி கீது," என்றேன்.

"அவன் கைல சொல்றேன் சாமி."

"சொல்லுங்க சாமி."

கிடைத்தது: குரவை 1, ஜிலேபி 6. ஸ்டெல்லா மிளகாய் தூக்கலாக வறுத்தாள்.

கார்த்திகை 14, ஞாயிறு

தலைக்கு ஊற்றிக்கொண்டு வீட்டுக்கு. வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

"நாலு பேரு இன்னா சாமி நெனைப்பாங்க? மால போட்ட வூட்ல..."

"மால போட்டது நீங்க. நான் போடல. மீன இந்த வூட்டுக்குக் கொண்டாந்தனா? அங்கியே ஆக்கி, அங்கியே துன்னு, குளிச்சிட்டுதான வந்தேன்?"

"சாமியே சரணம்" என்று சுவரைப் பார்த்துச் சொன்னார். பிறகு மெதுவாக, "மால கழட்ற வரிக்கும்தான். அப்பால அந்தக் கல்லாண்ட ஒன்னப் பாக்கக் கூடாது" என்றார்.

அந்தக் கடைசி வார்த்தைதான் சுருக்கென்றது. அதைச் சொல்லாமல் இருந்திருந்தால் நானே விட்டிருப்பேனோ என்னவோ. இனி விடமாட்டேன். இருபது வருஷமாக அவர் பிடித்து வந்ததையெல்லாம் சாம்பல் போட்டுத் தேய்த்து, செதில் எடுத்து, குடல் எடுத்தது நான். ஒரு நாள், ஒரே நாள், 'நீயும் வரியா' என்று கேட்டதுண்டா?

கார்த்திகை 18, வியாழன்

கரையில் ஒரு சட்டம் உண்டு. கல் யாருக்கும் சொந்தமில்லை. யார் விடாமல் தவிடு போட்டு மீனைப் பழக்குகிறாரோ, அவருக்குத்தான் இடம். அந்தக் கல் முன்பு கன்னியப்பன் மாமாவுடையது. மாமா வேலைக்குக் கேரளா போயிருந்த நேரத்தில் இவர் தவிடு போட ஆரம்பித்தார். மாமா திரும்பி வந்து கேட்டபோது, "தவுடு போட்டவன் நானு" என்று இவர் அசையவில்லை. அந்தச் சண்டையை ஊரே பார்த்தது. நானும்தான்.

இன்று முதல் தினமும் தவிடும் கடலைப் புண்ணாக்கும், உருண்டை பிடித்து. வீட்டு வேலை முடித்தபின். மாட்டுக்கு வாங்கிய புண்ணாக்கில் ஒரு கை. மாடு கோபித்துக்கொள்ளாது.

திரும்பும்போது பம்புசெட்டில் குளியல். பல் கிட்டிப்போகிறது.

கார்த்திகை 27, சனி

தூறல். சளி, தலைபாரம். "ஒடம்பு முடியலன்னா இரேன் சாமி" என்றார். கரிசனமா சந்தோஷமா, பிடிபடவில்லை.

போனேன். கிடைத்தது: ஒன்றுமில்லை. தவிடு போட்டேன்.

மார்கழி 8, செவ்வாய்

மலை முழுசாகத் தெரிகிறது. வெயில்.

தவிட்டுக்குப் பொடி மீன் வரும், பொடிக்கு விரால் வரும். வந்தது! கெண்டைக் குஞ்சை உயிரோடு கோர்த்துப் போட்டிருந்தேன். இழுத்த இழுப்பில் கல்லைவிட்டு எழுந்துவிட்டேன்.

பின்னால் குரல். அவர்தான், குளிக்க வந்தவர்.

"நூல வுடு சாமி! வுடு வுடு... இப்ப சுத்து! அய்யோ, பாசிக்குள்ள போவ வுட்றாத சாமி!"

திரும்பிப் பார்த்தால் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்துக்கொண்டு குதிக்கிறார். தூண்டிலையும் தொடக் கூடாது, மீனையும் தொடக் கூடாது. பாவம்தான்.

கரையில் போட்டு முந்தானையால் அமுக்கினேன். முழங்கை நீளம். அவர் முகத்தில் பெருமை வந்தது, நன்றாகப் பார்த்தேன். உடனே மறைத்துக்கொண்டார்.

"கல்லு ராசி சாமி," என்றார்.

கல்லாம், ராசியாம். நான் கொட்டின புண்ணாக்கு எங்கே போயிற்று?

மார்கழி 10, வியாழன்

அவரும் கன்னியப்பன் மாமாவும் நேற்றே இருமுடி கட்டிக் கிளம்பினார்கள். ஸ்டெல்லா வீட்டில் கிறிஸ்துமஸ். விராலை அண்டாத் தண்ணீரில் உயிரோடு வைத்திருந்தாள். குழம்பு. தலை எனக்கு. இதுவரை தலை எப்போதும் அவருக்குத்தான்.

"அண்ணன் மால கழட்டிட்டு வந்தா இன்னா பண்ணுவ?" என்றாள் ஸ்டெல்லா.

"போவேன்."

"கத்துனாருன்னா?"

"மீன் ஓடாத அளவுக்குக் கத்தச் சொல்லு."

சொல்லிவிட்டேன். சொல்வது சுலபம்.

சாயங்காலம் தலைக்குக் குளித்து வீட்டில் விளக்கேற்றினேன். ஐயப்பனுக்கும் எனக்கும் சண்டை இல்லை.

மார்கழி 14, திங்கள்

வந்துவிட்டார்கள். மாலை கழற்றியாயிற்று. அரவணைப் பாயசம், விபூதி, நடந்து நடந்து கொப்பளித்த கால். காலுக்கு வெந்நீர் வைத்துக் கொடுத்தேன். முதல் வார்த்தை: "ஏய், தூண்டி எங்க?"

ஸ்டெல்லா வீட்டிலிருந்து கொண்டுவந்து கொடுத்தேன். தூண்டில் அவருடையது, நியாயம். ஸ்டெல்லா வேலி மூங்கிலில் எனக்கு ஒன்று வெட்டி, நூல் கட்டி, கொட்டகையில் செருகி வைத்திருக்கிறேன். அது அவருக்குத் தெரியாது.

மார்கழி 15, செவ்வாய்

பனி: எதிரில் இருக்கிற தக்கை தெரியவில்லை.
தண்ணீர்: கலங்கலில் வழிவது கம்மி.

முந்திப் போய் உட்கார்ந்துவிட்டேன். பனிக்குள்ளிருந்து இருமல் சத்தம், பிறகு அவர், பின்னால் கன்னியப்பன் மாமா. மாலை இல்லாத இரண்டு கழுத்து.

"ஏய், எந்திரி."

மூங்கிலை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"தவுடு போட்டது நானு," என்றேன்.

கன்னியப்பன் மாமா சிரிக்க ஆரம்பித்தார். உட்கார்ந்து, துண்டை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார்.

"அன்னிக்கு நீ என் கைல சொன்ன அதே பேச்சுடா! இன்னாடா முழிச்சிக்கினு நிக்கற? அந்தாண்ட போய்க் குந்து!"

பெண்பிள்ளை உட்காரலாமா என்று கேட்ட அதே வாய். எனக்காகச் சிரிக்கவில்லை, தெரியும். இருக்கட்டும்.

அவர் என்னைப் பார்த்தார். கல்லைப் பார்த்தார். கீழே சேற்றுப் பக்கம் போய்க் குந்தினார்.

எனக்கு: ஜிலேபி 4, கெளுத்தி 1. அவருக்கு: விரால் 1, சின்னது.

வீட்டுக்கு வந்ததும் வழக்கம்போல் விராலைத் துவைக்கிற கல்மேல் போட்டார். "ஏய், இந்தா."

நான் என் மீனை ஆய்ந்துகொண்டிருந்தேன். தலை நிமிரவில்லை.

"சாம்பல் அடுப்பாண்ட கீது," என்றேன்.