நல்ல பெயர்

ராணாகாட்
கார்த்திக் மாதம், வியாழன்

ஹாபுல்,

கண்ணே, நலமா? உன் அட்டை வந்தது. நாலே வரி, அதில் மூன்று வரி ஸ்டிரைக். பரீட்சை துர்கா பூஜை கழிந்து என்றாய். பிறகு குளிருக்கு முன்னால் என்றாய். இப்போது எப்போது என்றே எழுதவில்லை. உன் அப்பா போனபிறகு நான் காத்திருப்பது இந்த ஒரு பரீட்சைக்குத்தான். எழுதிவிட்டு வா. இங்கே பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இரு. அதற்குமேல் நான் கேட்கவில்லை.

போன மாதம் உன் காலேஜுக்கு வந்தபோது பார்த்தேனே, வகுப்பு பெஞ்சையெல்லாம் தூக்கிவந்து வாசலை அடைத்திருந்தீர்கள். உட்கார்ந்து படிக்கத்தானே பெஞ்சு? காவலாளிகூடச் சொன்னான், "படிப்பு உள்ள இல்லம்மா, இப்ப எல்லாம் தெருவுலதான்." நான் உன்னைக் கூப்பிட்டது பிடிக்கவில்லை போலிருக்கிறது. ரயில் ஏற்றும்வரை முகத்தைத் தூக்கியே வைத்திருந்தாய்.

பொரி வறுக்கிற சட்டிமுன் உட்கார்ந்தால் முதுகு பிடித்துக்கொள்கிறது. ஆனாலும் உட்காருகிறேன். தேங்காய் உருண்டை அனுப்பியிருக்கிறேன், எறும்பு ஏறுமுன் தின்றுவிடு.

உன் மா

கல்கத்தா
2 டிசம்பர் 1970

மா,

உன் பாதம் தொட்டு வணங்குகிறேன். உருண்டையில் எனக்குக் கிடைத்தது ஒன்று. மீதியை என் அறைக்காரன் நிர்மால்யா தின்றுவிட்டு, "உங்கம்மாவ எனக்குத் தத்துக் குடுத்துடுடா" என்கிறான்.

பரீட்சை வேண்டாம் என்றா நிற்கிறோம்? எங்களோடு படித்த ஐந்து பேரைத் துரத்திவிட்டார்கள். அவர்கள் இல்லாமல் நான் மட்டும் போய் எழுதி, அந்தப் பட்டத்தை எந்த முகத்தோடு வாங்குவது? எனக்கும் அலுத்துவிட்டது, மா. காலையில் கோஷம், மத்தியானம் கூட்டம், சாயங்காலம் கண்ணீர்ப்புகை. தொண்டை கட்டிப்போய் ஒருவருக்கொருவர் கையால்தான் பேசிக்கொள்கிறோம்.

ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. அடுத்தமுறை வாசலில் நின்று "ஹாபுல், ஏ ஹாபுல்" என்று கத்தாதே. அன்றிலிருந்து நான் பேச எழுந்தாலே பின்னாலிருந்து ஒருவன், "சத்தம் போடாதீங்கப்பா, ஹாபுல் பாப்பா பேசுது, பால் குடிச்சாச்சா?" என்கிறான். வீட்டுப் பெயர் வீட்டோடு இருக்கட்டும். இங்கே எனக்குப் பள்ளியில் பதிந்த அந்த நல்ல பெயர்தான். யாரிடமும் சப்யசாச்சி மண்டல் என்றே கேள்.

உன் மகன்
சப்யசாச்சி

ராணாகாட்
பௌஷ் மாதம்

சப்யசாச்சிக்கு,

இப்படி ஆரம்பித்தால் ஏதோ அதிகாரிக்கு மனு எழுதுகிற மாதிரி இருக்கிறது. உன் அப்பா ஆசையாக வைத்த பெயர். பள்ளியில் சேர்த்த நாளுக்குப் பிறகு என் வாயில் வந்ததே இல்லை. இப்போது பொரி வறுக்கும்போது சொல்லிப் பழகுகிறேன். பக்கத்து வீட்டு மினதி எட்டிப் பார்த்து, "யாரத் திட்டுற அக்கா?" என்கிறாள். சிரிக்காதே. உன் தோழர்கள்முன் உன்னை இனிமேல் தலைகுனிய வைக்கமாட்டேன்.

போலீஸ் விடுதிக்குள் புகுந்து, பெயர் கேட்டுக் கேட்டுப் பையன்களைப் பிடித்துப்போகிறதாமே, உண்மையா? கோஷம் போடுகிறவர்களுக்குப் பின்னால் நில். முன்னால் நிற்க வேறு அம்மாக்களின் பிள்ளைகள் இருக்கிறார்கள். இதை எழுதியபிறகு மனசு உறுத்துகிறது. அந்த வரியை அடித்துவிடவும் தோன்றவில்லை.

சரஸ்வதி பூஜைக்கு வந்துவிடு. அதுவரை இலந்தைப்பழம் வாயில் வைக்காதே. பூஜைக்கு முன்னால் தின்றால் சரஸ்வதிக்குக் கோபம் வரும், நீ பரீட்சை எழுத வேண்டிய பிள்ளை.

மா

ராணாகாட்
ஃபால்குன் மாதம்

ஹாபுல்,

விடுதிக்குப் போட்டால் திரும்பி வந்துவிடும் என்று தபால்காரர் சொன்னார். அதனால் உறை வாங்கவில்லை. சும்மா எழுதுகிறேன்.

உங்கள் காலேஜ் வாசலில் துப்பாக்கிச் சூடு என்று மினதி வீட்டு ரேடியோவில் சொன்னதும் கிடைத்த ரயிலில் ஏறினேன். குண்டு பட்டவர்களைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதாகச் சொன்னார்கள். உள்ளே யாரையும் விடவில்லை. வாசல் சன்னலில் இருந்தவரிடம் "சப்யசாச்சி மண்டல்" என்றேன். நாக்கு ஒருமுறைகூடக் குழறவில்லை.

"அந்தப் பேருல யாரும் இல்லம்மா."

"நல்லாப் பாருங்க அண்ணா. சப்யசாச்சி."

"இல்லேன்னா சந்தோஷப்படுங்கம்மா. இங்க இருக்கறவங்களப் பெத்தவங்க கதி உங்களுக்கு வேணாம்."

சாயங்காலம் ஆள் மாறியதும் மறுபடி கேட்டேன். அவரும் இல்லை என்றார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது, ஹாபுல். உனக்கென்று கொண்டுபோன ஆரஞ்சுப் பழங்களை அங்கே அழுதுகொண்டிருந்த ஒருத்தியிடம் கொடுத்தேன். எங்கேயோ ஒளிந்திருக்கிறாய், வந்துவிடுவாய் என்று நினைத்தேன். திரும்பும்போது ரயிலில் நன்றாகத் தூங்கினேன்.

பிறகு நிர்மால்யா வந்தான். தாடியும் அழுக்குமாக, ஒளிந்து ஒளிந்து வந்திருந்தான். வாசற்படி ஏறாமலே நின்றான்.

"மாசிமா, போலீஸ்கிட்ட இருக்கறதெல்லாம் நம்ம நல்ல பேருதான். ஆஸ்பத்திரிக் கட்டில்லேர்ந்தே பிடிச்சிட்டுப் போறாங்க. அதான், பேர் என்னன்னு நர்சு கேட்டதும் அவனே சொல்லிட்டான், ஹாபுல்னு."

"வேற ஒண்ணும் சொல்லலையா?"

"எங்கம்மா வருவாங்கன்னு சொன்னானாம். அந்த நர்சுதான் என்கிட்ட சொன்னாங்க. ராத்திரி வரைக்கும் நினைவு இருந்துச்சாம். விடியறதுக்குள்ள போயிட்டானாம்."

உன்னை மாடியில் போட்டிருந்தார்களாம். சன்னல் வாசல் பக்கம். நான் பகல் முழுவதும் அதற்குக் கீழேதான் உட்கார்ந்திருந்தேன். எங்கே போனாலும் ஊர் கேட்கக் கத்துகிறவள், அன்று மட்டும் படித்தவர்கள் வீட்டுப் பெண்மாதிரி மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தேன்.

பரீட்சைக்குத் தேதி வைத்துவிட்டார்களாம். நிர்மால்யா என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான். "போய் எழுதுப்பா" என்றேன். அவனுக்கும் ஒரு அம்மா இருப்பாள், காத்துக் காத்து அலுத்துப்போய். கொஞ்சம் பொரி கட்டிக் கொடுத்தேன்.

சரஸ்வதி பூஜை போய்விட்டது. இலந்தை பழுத்து முற்றத்தில் கொட்டிக் கிடக்கிறது. நான் இன்னும் வாயில் வைக்கவில்லை.

ஒன்றே ஒன்றுதான் மனசில் சுற்றுகிறது. அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடாதே என்று நீதானே எழுதினாய். எழுதியதை மறந்துவிட்டாயா? இல்லை, இந்த அம்மா என்றைக்குச் சொன்ன பேச்சைக் கேட்டிருக்கிறாள், எப்படியும் வாசலில் நின்று அதைத்தான் கத்துவாள் என்று நம்பித்தான் அந்தப் பெயரைக் கொடுத்தாயா, ஹாபுல்?