இடது பக்கம் வராத பாட்டு

மச்சான்,

இந்த மடலில் நான் எழுதப்போகும் கதையை ஈரேழு பதினாலு லோகத்திலும் ஒருத்தரும் நம்பப்போவதில்லை என்று முதலிலேயே சத்தியம் செய்து கொடுத்துவிடுகிறேன். உன் அக்காவும் நம்பமாட்டாள். நான் தாலி கட்டிய நிமிஷத்திலிருந்து என் வாயில் வந்த எதையும் அவள் நம்பியதில்லை என்பதால், அவளைச் சாட்சிப் பட்டியலில் சேர்க்க வேண்டாம்.

காலையில் அவள்தான் உன் பழைய யூனிஃபார்ம் சட்டையைப் பரணிலிருந்து எடுத்து உதறினாள். நீ போய் ஒரு வருஷம் ஆகிறது. இன்னும் அதில் பிரஸ் ஷாப் எண்ணெய் வாசனை. பாக்கெட்டிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவர் விழுந்தது. உள்ளே காதில் அடைத்துக்கொள்ளும் மஞ்சள் ஸ்பாஞ்சு இரண்டு, நீலக் கயிற்றோடு. கவரை நீ பிரிக்கவே இல்லை.

"இன்னாய்யா இது, மிட்டாயா?" என்றாள்.

"ஆமா. ஒன் தம்பி துன்னாம வெச்சிக்கினு இருந்த மிட்டாய்."

கம்பெனி கொடுத்ததுதான். எல்லோரும் வாங்கிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டோம். இரும்புத் தகட்டை அழுத்தி வளைக்கிற பிரஸ்ஸின் சத்தம் இம்மி மாறினாலும் கையை இழுத்தாக வேண்டும்; காதை அடைத்தால் அந்த மாற்றம் தெரியாது. "காது போனா போவுது மாமா, வெரலு பத்தும் இருக்கணும்" என்பாய். நீ பேசிய வாக்கியங்களிலேயே மிக நீளமானது அது. பல வருஷம் நம் ஆற்றங்கரை ஆரணியிலிருந்து (பட்டுப்புடவை ஆரணி இல்லை) கும்மிடிப்பூண்டிவரை கம்பெனி பஸ்ஸில் ஒரே சீட்டில் போனோம். நான் பேசினேன், நீ தலையாட்டினாய். என் பேச்சுக் காற்றில் ஆரணி ஆறு இரண்டு முறை திசை மாறி ஓடியதை ஊரே அறியும்.

பாட்டு வந்த அந்தத் திங்கட்கிழமை மட்டும் நீ என்னுடன் உட்காராமல் கடைசி வரிசைக்குப் போனாய். தலைவலி என்றாய். பஸ் வாட்ஸ்அப் குழுவில் ரோஜாப்பூ வைத்த காலை வணக்கத்துக்கும் யாரோ தொலைத்த டிபன் பாக்ஸின் படத்துக்கும் நடுவே ஒரு லிங்க் வந்து விழுந்தது. அனுப்பியது பேக்கிங் செக்‌ஷன் ஸ்டெல்லா அக்கா. அவளுக்கு ஆரணி மெத்தைக் கடைக்காரன் அனுப்பினானாம். ஒரு ஹிப் ஹாப் ஆல்பம். பெயர் 'கேட் பாஸ்'. ஏழு பாட்டு. முன்னறிவிப்பு இல்லை, போஸ்டர் இல்லை, பாடியவன் முகமும் இல்லை. பெயர் இருக்கவேண்டிய இடத்தில் 'நூத்தம்பது டன்' என்று நம் பிரஸ்ஸின் பலம் மட்டும் இருந்தது.

ஹிப் ஹாப் என்றால் தொப்பியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு சண்டைக்குக் கூப்பிடுவது என்று நினைத்திருந்த நான், பஸ் புதுவாயல் சேர்வதற்குள் அந்தத் துறையில் உலகப் பேராசிரியர் ஆனேன். ஆகவைத்தது அந்தத் தாளம். மேளம் இல்லை, கிதார் இல்லை. பிரஸ் மேலே போகும்போது விடும் மூச்சு, கீழே விழும்போது அடிக்கும் அடி, அவ்வளவுதான். தினமும் எட்டு மணி நேரம் எங்களை நசுக்கிய சத்தம் அது. அதையே ஒருத்தன் தூக்கி இடுப்பில் வைத்துக் கொஞ்சியிருந்தான். பஸ்ஸே வாயைப் பிளந்தது.

முதல் பாட்டில் கைரேகை மெஷின் பாடுகிறது. தகடு பிடித்துப் பிடித்து ரேகை தேய்ந்த விரலை அது ஏற்க மறுத்து, 'மறுபடி வை, மறுபடி வை' என்று பல்லவியிலேயே விரட்டுகிறது. "ரேகைன்றது தலையெழுத்து. தலையெழுத்தையே தேச்சி அழிச்சிட்டவன மெஷினுக்கு அடையாளம் தெரில," என்று விளக்கினேன். இரண்டாம் பாட்டு முழுக்க அவன் கேன்டீன் சாம்பாரில் ஒரு முருங்கைக்காயைத் தேடுகிறான், கிடைக்கவில்லை. மூன்றாம் பாட்டில் ஷிஃப்ட் பஸ்ஸுக்குக் குறுக்கே ஓர் எருமை படுத்திருக்கிறது.

"எருமைன்றது மேனேஜ்மென்ட்," என்று தீர்ப்புச் சொன்னேன்.

"இல்லண்ணே, அது எங்க ஊட்டுக்காரரு," என்றாள் ஸ்டெல்லா அக்கா. "எவ்ளோ ஆரன் அட்ச்சாலும் எழுந்துக்காது."

நான்காம் பாட்டில்தான் கலவரம். நம் பஸ்ஸில் ஓர் இயர்போனை இரண்டு பேர் பங்கு போட்டுக்கொள்வது வழக்கம், ஆளுக்கு ஒரு காது. பாட்டு ஆரம்பித்ததும் இடது பக்கத்தை வைத்திருந்தவர்கள் எல்லாம் ஒரே நேரத்தில் கத்தினார்கள்.

"ஏய், இயர்போன் பூட்ச்சி!"

"எனக்கு வருதே, சும்மா இரு."

"இன்னா பேஜாரு புச்சவன்டா நீ, இந்தா, நீ இத்த மாட்டிப் பாரு!"

மாற்றினார்கள், இழுத்தார்கள், ஊதினார்கள். எந்த இயர்போனிலும் இடது பக்கம் ஊமை. கடைசியில் ஸ்டெல்லா அக்காதான் இரண்டையும் தானே மாட்டிக்கொண்டாள். மாட்டியவள் கண்ணை மூடிக்கொண்டாள். "பாதித் தலையில கரன்ட் பூட்டா மாதிரி இருக்குது," என்றாள். வலது பக்கத்தில் மட்டும் அந்தக் குரல் தனியாகப் போய்க்கொண்டிருந்தது:

எம்பொண்ணு கூப்புட்றா, எந்தப் பக்கம் தெரில
திரும்பிப் பாத்த பக்கம் அவ இல்ல

எல்லோரும் வரிசையாக இரண்டையும் மாட்டிப் பார்த்தார்கள். பேக்கிங் ஆட்கள் ஒவ்வொருவரும் திடுக்கிட்டார்கள். பிரஸ் ஷாப் ஆள் ஒருவன் மாட்டிப் பார்த்துவிட்டு, "எல்லாம் கரெக்டாத்தான கீது?" என்றான். பஸ் சிரித்தது. அடுத்த பிரஸ் ஆளும் அதையே சொன்னான். மூன்றாமவனும். நான்காமவன் சொன்னபோது சிரிப்பு நின்றுவிட்டது. நாம் எல்லோரும் பக்கத்து பிரஸ்ஸுக்கு இடது காதைக் கொடுத்து நிற்கிறவர்கள். அந்தப் பாட்டு ஒரு பக்கமாக வருகிறது என்பதே எங்கள் ஆட்களுக்குத் தெரியவில்லை.

என் முறை வந்தது. மாட்டினேன். "இடது பக்கம் பொட்டுனு அணைஞ்சிச்சி," என்று அறிவித்துவிட்டு, என் மாபெரும் மூளையால் மர்மத்தை அரை நொடியில் உடைத்தேன். பாடுகிறவனுக்கு இடது காது கேட்காது. அவன் கேட்பதை நாமும் கேட்கவேண்டும் என்று பாட்டில் பாதியை அறுத்து வைத்திருக்கிறான். யார் இந்த மகான் என்று திரும்பினால், கடைசி சீட்டில் இயர்போன் இல்லாமல் நீ. உன் உதடு அசைந்துகொண்டிருந்தது. பாட்டைவிட அரை நொடி முன்னால்.

மச்சான், எனக்கு அப்போது வந்ததை என்னவென்று எழுதுவேன்? கோயில் கோபுரத்தைக் கீழே நின்று பார்க்கும்போது கழுத்து தானாகப் பின்னால் சாயுமே, அப்படி ஒன்று. தலையாட்டுவதைத் தவிர வேறு வேலை தெரியாது என்று நான் நினைத்திருந்த ஆளிடம் இவ்வளவு பேச்சா?

அடுத்த நொடியே முன் பக்கம் திரும்பிப் பார்த்தேன். முன் சீட்டில் நம் சூப்பர்வைசர் இருந்தார். அன்றைக்குப் பார்த்து அவர் பைக் ரிப்பேர். காது போனவன் என்று தெரிந்தால் பிரஸ்ஸில் நிற்கவிட மாட்டார்கள். நீ கான்ட்ராக்ட் ஆள், வேறு வேலையும் தரமாட்டார்கள், வீட்டுக்குப் போ என்பார்கள். வேலை நிரந்தரமாகும் ஆர்டர் உனக்கு மறுமாதம் வருவதாக இருந்தது. அதற்கு முன்னால் காது சோதனை வேறு. இந்த நேரத்திலா ஆல்பம் விடுவாய், பைத்தியக்காரா!

"இன்னாப்பா சத்தம்? யாரு பாடனது இது?" என்று எழுந்து வந்தார் சூப்பர்வைசர்.

என் வாழ்நாள் புளுகுகள் அத்தனையும் அந்த ஒரு புளுகுக்கான பயிற்சி. "இது பெரிய எடத்துப் பாட்டு சார்," என்று ஆரம்பித்தேன். "பாடறவன் ஆறரை அடி. நாஷ்டாவுக்கு நாப்பது இட்லி. மெட்ராஸ்லேர்ந்து வடக்கால வர்றவனுக்கு எந்தக் கையி பக்கம் கடலு? வலது. அதான் வலது பக்கம் பேசுது. இடது பக்கம் நெலம். அத்த வித்துட்டுத்தான நாம கம்பெனிக்கி வந்தோம்? வித்த நெலம் எப்டி சார் பேசும்?"

பஸ் கைதட்டியது. ஸ்டெல்லா அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அந்தக் கைதட்டலில் கவரைப்பேட்டையில் இரண்டு தென்னை காய் உதிர்த்ததாக அப்புறம் சேதி வந்தது.

சூப்பர்வைசர் மட்டும் தட்டவில்லை. "குடு," என்று வாங்கி இரண்டு காதிலும் மாட்டினார். அவரும் ஒருகாலத்தில் நம்மைப் போல பிரஸ்ஸில் நின்றவர்தான். முழுப் பாட்டையும் கேட்டார். "எங்கயா வரல? ரெண்டு பக்கமும் நல்லாத்தான..." என்றவர் பாதியில் நிறுத்தினார். இடது பக்கத்தைக் கழற்றிப் பார்த்தார். மாட்டினார். மறுபடி கழற்றினார். இயர்போனை என் மடியில் வைத்துவிட்டுப் போய் உட்கார்ந்தார்.

சாயங்காலம் கேட்டுக்கு எதிரே டீக்கடையில் என் முகத்துக்கு நேரே வந்து நின்றாய்.

"கடலு, நெலம்னு இன்னாமா வுட்ட மாமா!"

"அவ்ளோ பின்னால இருந்துக்கினு எப்டிடா கேட்டுச்சு?"

"வாய பாத்தேன். அது பஸ்ஸு ஜன்னல வுட பெருசாச்சே."

மெத்தைக் கடையில் பஞ்சு மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து, லீவு நாளில் லீவு நாளாகப் பாடிப் பதிவு செய்ததைச் சொன்னாய். முந்தைய காது சோதனையில், சத்தம் கேட்டால் அமுக்கவேண்டிய பட்டனை, கண்ணாடி ஜன்னலில் சோதிக்கிற அம்மாவின் கை நிழலைப் பார்த்துப் பார்த்து அமுக்கித் தேறியதையும் சொன்னாய். "இந்த வாட்டி அமுக்கக் கூடாதுன்னு பாட்டா போட்டுட்டேன் மாமா. போட்டப்புறம் பயமா கீது," என்றாய். ஏன் என்னிடம் சொல்லவில்லை என்றதற்கு, "ஒன்னாண்ட சொன்னா ஊத்துக்கோட்டை தாண்டி ஆந்திராவுக்கே தெரிஞ்சிடும் நைனா," என்று சிரித்தாய்.

பிறகு டீயைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாய்: "ஒனக்கு எப்டி கேட்டுச்சு? நெஜமா சொல்லு."

"பொட்டுனு அணைஞ்சிச்சிடா."

"அப்பாடா," என்றாய். "ஒன் காதாவது தப்பிச்சிச்சே."

அதற்குப் பின் நடந்ததுதான் யாரும் நம்பாத பகுதி. சூப்பர்வைசர் மேலே போய் என்ன பேசினாரோ, வெளியிலிருந்து ஒரு வண்டி வந்து பிரஸ் ஷாப் ஆட்களின் காதை ஒழுங்காகச் சோதித்தது. தேறாதவர்கள் பதினோரு பேர். ஒருத்தரையும் வீட்டுக்கு அனுப்பவில்லை. சத்தமில்லாத இன்ஸ்பெக்‌ஷன் மேஜைக்கு மாற்றினார்கள். பட்டியலில் முதல் பெயரை சூப்பர்வைசரே எழுதிக்கொடுத்தார், அது அவர் பெயர். இரண்டாவது உன்னுடையது. நிரந்தர ஆர்டரும் வந்தது. உன் நெஞ்சு அடைத்துக்கொண்ட அந்த நாள்வரை நீ பிரஸ் பக்கம் போகவில்லை. 'நூத்தம்பது டன்' யார் என்று கடைசிவரை நீயும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. என் ஆயுளில் நான் காப்பாற்றிய ஒரே ரகசியம்.

தினமும் அதே பஸ்ஸில் இரண்டு பக்கமும் மாட்டிக்கொண்டு ஏழு பாட்டையும் கேட்கிறேன். நான் இன்னும் பிரஸ்ஸில்தான் நிற்கிறேன், மச்சான். அந்த வண்டியிலும் ஒரு கண்ணாடி ஜன்னல் இருந்தது. ரிட்டயர் ஆகக் கொஞ்ச காலம்தானே, இந்த வயதில் எதற்கு வம்பு என்று உன் வித்தையை நானும் செய்தேன்.

தென்னை காய் உதிர்த்ததை, ஆறு திசை மாறியதை, என் மாபெரும் மூளையை, எதை வேண்டுமானாலும் படிக்கிறவர்கள் தள்ளிவிடட்டும். சின்னதாக ஒன்றை மட்டும் நிஜம் என்று ஒப்புக்கொள்கிறேன். நீ அப்பாடா என்று சொன்னபோது ஒப்புக்கொள்ள முடியாமல் போனது. அன்றைக்கு பஸ்ஸில் எதுவும் அணையவில்லை. மூன்றாம் பாட்டு எப்படிக் கேட்டதோ, நான்காம் பாட்டும் எனக்கு அப்படியேதான் கேட்டது.