ஏரி வாங்கிக்கொண்ட கால்

சென்னை, ஆஸ்பத்திரி வார்டிலிருந்து

அன்பு மகன் தமிழ்வாணனுக்கு அம்மா எழுதுவது. எல்லையம்மன் புண்ணியத்தில் நானும் உன் நைனாவும் தங்கச்சி திவ்யாவும் நடமாடிக்கொண்டிருக்கிறோம், நீ மஸ்கட்டில் வேளைக்குச் சாப்பிட்டு நல்லபடி இருக்க வேண்டும் என்றுதான் விளக்கேற்றும்போதெல்லாம் கேட்கிறேன். பச்சையம்மா அத்தைக்கு இடுப்பெலும்பு உடைந்ததைத் திவ்யா போனில் சொல்லியிருப்பாள், ஆனால் நடந்தது முழுசாக அவளுக்கும் தெரியாது. நைனா பக்கத்தில் இருக்கையில் என்னால் வாய்விட்டுச் சொல்ல முடியவில்லை, அதனால் எழுதி நானே போட்டோ எடுத்து அனுப்புகிறேன்.

ஏரிக்கரையில் கருவாடு காயப்போடும் தளத்தில் வழுக்கி விழுந்தாள். எழுந்து உட்கார்ந்து, "அண்ணி, என் காலை ஏரி வாங்கிக்கினு பூட்ச்சி" என்றாள். அழவில்லை, முகம்கூடச் சுளிக்கவில்லை. அவள் பேச்சு உனக்குத் தெரியும், சுவருக்குள் இருக்கிறவனுக்குச் சோறு வை என்பாள், போன தையில் தன் கையே தன்னுடையது இல்லை என்றாள். பொன்னேரி ஆஸ்பத்திரியில் மனநோய்க்குக் கொடுக்கிற மாத்திரையை வேளை தவறாமல் குறித்துவைத்துக் கொடுக்கிற நானும் இதை அந்த வியாதிப் பேச்சு என்றே நினைத்தேன். நைனா காத்து கருப்பு என்று சொல்லி, கோயிலில் மந்திரித்த கயிற்றை அந்தக் காலிலேயே கட்டி, கோயிலை மூன்று சுற்று சுற்றச் சொன்னார். நான்தான் கையைப் பிடித்துச் சுற்ற வைத்தேன் தமிழு. மணலில் ஒரு காலை இழுத்துக்கொண்டு, எங்களை ஒரு வார்த்தை திட்டாமல் நடந்தாள். வலை சரிபார்த்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுப் பூபதி, "இன்னாக்கா, தேரு இன்னிக்கி மெல்ல நவுருது" என்று கேலி பேசினார், அவளும் சிரித்தாள். மறுநாள் பார்த்தால் அந்தக் கால் வெளிப்பக்கம் திரும்பி, மற்றதைவிடக் குட்டையாகக் கிடந்தது.

விரிசலாக இருந்தது நடந்ததில் விலகிவிட்டது என்று டாக்டர் சொன்னார். ஆபரேஷன் செய்யாவிட்டால் படுத்த படுக்கைதான், முதுகில் புண் வரும், சளி கட்டும். செய்தாலும் மற்றவர்களைவிட இவளுக்கு ஆபத்து அதிகமாம், வருஷக்கணக்காகச் சாப்பிட்ட மாத்திரை இதயத்தை என்ன செய்திருக்கிறதோ பார்க்க வேண்டும், மயக்கம் தெளியும்போது புத்தி இன்னும் குழம்பலாம், ட்யூபைப் பிடுங்கலாம், வலித்தாலும் வலி என்று சொல்லாமல் போகலாம். தங்கச்சியை நானே அறுக்கக் கொடுத்ததாகிவிடும் என்று நைனா கையெழுத்துப் போடாமல் வராந்தாவிலேயே நின்றார். கடைசியில் சத்யா என்கிற சின்ன டாக்டர் அத்தையிடமே எல்லாவற்றையும் நிதானமாகச் சொல்லி, புரிந்ததா என்று கேட்டாள். "புரியுது. பண்ணு. இவங்களாண்ட என்னிய மறுபடி கோயில சுத்த வெக்க வேணாம்னு சொல்லு" என்றாள் அத்தை. நைனா என் முகத்தைப் பார்க்காமல் போய்க் கையெழுத்துப் போட்டார்.

ஆபரேஷன் நல்லபடி முடிந்தது. இரண்டு நாள் கழித்து, "நெஞ்சுல தண்ணி ஏறுது அண்ணி" என்றாள். இவங்க அப்படித்தான் பேசுவாங்கம்மா என்று நர்ஸ் அடுத்த கட்டிலுக்குப் போகப் பார்த்தாள், நான் வழியை மறித்து டாக்டர் வரும்வரை நகரவில்லை. பார்த்தால் நிஜமாகவே நிமோனியா. ஆக்சிஜன் வைத்திருக்கிறார்கள், பிழைப்பாள் என்று இதுவரை யாரும் சொல்லவில்லை. சாமி பெயரைச் சொல்லிக் கண்ணை மூடினாலும் மணலில் அந்தக் கால் இழுபடுகிற சத்தம்தான் கேட்கிறது.

இன்று காலை மாஸ்க்கை விலக்கி, "தமிழு படுத்துக்கினு கீறான், யாரும் தண்ணி குடுக்கல" என்றாள். முன்பானால் சரி சரி என்று தலையைத் தடவிவிட்டிருப்பேன். இப்போது அவள் சொல்வதில் எதைத் தள்ளுவது என்று எனக்குத் தெரியவில்லை. நீயும் கொஞ்ச நாளாகப் போனை எடுக்காமல், வேலை அதிகம் என்று மெசேஜ் மட்டும் போடுகிறாய். காய்ச்சல் என்றால் காய்ச்சல் என்று சொல்லப்பா, இங்கே இருக்கிற கஷ்டம் போதும் என்று மறைக்காதே. வெந்நீர் குடி, அறையில் இருக்கிற பிள்ளைகளிடம் சொல்லி வை, தனியாகக் கிடக்காதே. அம்மன் உன் தலைமாட்டில் நிற்கட்டும், உன் மேல் ஒரு தூசும் படாமல் பார்த்துக்கொள்ளட்டும். படித்ததும் பதில் எழுத வேண்டாம், கூப்பிட்டுப் பேசு.

உன் குரலைக் கேட்கக் காத்திருக்கும் அம்மா,
ரா. இளவரசி